பகைவரும் ஒரு தாயின் பிள்ளையே

அன்பு செய்க என்று கூறாத சமயம் உலகில் இல்லை. பெற்றோரிடத்தும் பிள்ளைகளிடத்தும், உற்றாரிடத்தும் ஊராரிடத்தும் அன்பு செலுத்துதல் மாந்தர்க்கு இயல்பு. விலங்கும் பறவையும்கூடத் தம் குஞ்சு குட்டிகளை நேசிக்கின்றன. ஆதலின், இத்தகைய அன்பைக் கற்பிக்க ஆசிரியரும் வேண்டியதில்லை, அறநூலும் வேண்டியதில்லை. ஆனால், தன்னை அடித்தவனை, தன் பொருளைப் பறித்தவனை, தன் சுற்றத்தைச் சிறுமைப்படுத்தியவனை நேசிக்க வேண்டும் என்று ஒருவர் கூறுவாராயின், கேட்போர் திகைப்பர். அங்ஙனம் கூறியவர் இயேசு பெருமான். கூறியதோடு நில்லாமல், தம்மைச் சிலுவையில் அறைந்தோருக்காகவே மன்றாடியும் காட்டியவர் அவர்.

இக்கட்டளை புதிய ஏற்பாட்டில் மத்தேயு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்திலும், லூக்கா நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்திலும் இடம்பெற்றுள்ளது. மலைப்பொழிவு என வழங்கும் அவ்வறவுரையைக் கேட்டுக்கொண்டிருந்தோர் யார் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பகையே அறியாத நல்வாழ்வினர் அல்லர் அவர்கள். கி.மு. 63ஆம் ஆண்டு முதல் உரோமையரின் ஆதிக்கத்தின்கீழ் அல்லலுற்ற மக்களின் வழித்தோன்றல்கள். வரிகொடுத்து நலிந்தவர்கள். உரோமைப் போர்வீரன் ஒருவன் வழியிற் போவோனை மறித்துத் தன் சுமையைச் சுமக்குமாறு பணித்தால், மறுக்க வழியின்றிச் சுமந்தவர்கள். அம்மக்களுக்குப் பகைவன் என்பது ஏட்டில் உள்ள சொல் அன்று. அன்றாடம் தெருவிற் காணும் முகம். அவர்களை நோக்கியே அக்கட்டளை பிறந்தது. ஆகவே, வாழ்வின் கொடுமையை அறியாத ஒருவர் கண்ட கனவென்று அதனை ஒதுக்கிவிடுதல் பொருந்தாது.

மொழிபயில்வோர் ஈண்டு ஒரு நுட்பத்தை நோக்கலாம். தமிழில் வழங்கும் பழைய விவிலிய மொழிபெயர்ப்பு, இவ்விடத்தில் ‘சத்துரு’, ‘சிநேகம்’ என்னும் வடசொற்களை ஆண்டது. பின்வந்த மொழிபெயர்ப்புகள் ‘பகைவர்’, ‘அன்பு’ என்னும் தமிழ்ச் சொற்களைக் கொண்டன. மூலமாகிய கிரேக்கத்திலோ அன்பைக் குறிக்கும் சொற்கள் பலவுண்டு. நண்பர்க்கிடையே தோன்றும் உவப்பைக் குறிக்கும் சொல் ‘ஃபிலியா’. காதல் வேட்கையைக் குறிக்கும் சொல் ‘ஈராஸ்’. இவ்விரண்டின் வழியும் செல்லாமல், நற்செய்தியாளர் இங்கு ஆள்வது ‘அகாப்பே’ என்பதன் வினைவடிவாகும். ஒருவரது தகுதியையோ அழகையோ உறவையோ கருதாமல், அவருடைய நலத்தை நாடி நிற்கும் மனவுறுதியே அகாப்பே என்று அறிஞர் விளக்குவர். தமிழில் இதற்கு அணித்தாக நிற்பது ‘அருள்’ என்னும் சொல் எனலாம். தொடர்புடையாரிடத்துச் செல்வது அன்பு. தொடர்பு நோக்காது எல்லாரிடத்தும் செல்வது அருள் என்பது உரையாசிரியர் கண்ட வேறுபாடு அன்றோ?

இவ்வேறுபாட்டை உணர்ந்தால் ஒரு பெரும் ஐயம் நீங்கும். பகைவனைக் கண்டவுடன் உள்ளம் மகிழ்ச்சியால் பொங்க வேண்டும் என்று இக்கட்டளை கூறவில்லை. அடிபட்ட இடம் வலிக்கக் கூடாது என்றும் கூறவில்லை. உணர்ச்சியை ஆணையிட்டு வரவழைத்தல் யார்க்கும் இயலாது. ஆனால், செயலைத் தேர்ந்துகொள்ளுதல் மனிதனுக்கு இயலும். ஆகவேதான், பகைவரை நேசித்தல் என்பதை விளக்கவந்த நற்செய்தி, தீமை செய்வோர்க்கு நன்மை செய்தலையும், சபிப்போரை வாழ்த்துதலையும், துன்புறுத்துவோர்க்காக இறைவனை வேண்டுதலையும் எடுத்துக்காட்டுகளாக வைக்கின்றது. இவை யாவும் செயல்கள். உள்ளம் பின்தங்கினும் கையும் நாவும் முந்திச் சென்று செய்யத்தக்கவை.

இவ்வன்புக்கு ஏன் நிபந்தனை இல்லை? இதற்கு இயேசு காட்டும் காரணம் எளியது. கதிரவன் நல்லோர் வயல்மீதும் தீயோர் வயல்மீதும் ஒருங்கே உதிக்கின்றான். மழையும் வேலி பார்த்துப் பெய்வதில்லை. இறைவன் இயல்பு அதுவாயின், அவனுடைய மக்கள் இயல்பும் அதுவாதல் வேண்டும் என்பதே அவ்வறத்தின் அடிப்படை. இதனைத் தமிழ் மாணாக்கர் எளிதில் விளங்கிக்கொள்வர். கைம்மாறு கருதாத கொடைக்கு மழையையே உவமை காட்டுதல் தமிழ் மரபு. முல்லைக்குத் தேர் ஈந்தவனும் மயிலுக்குப் போர்வை அளித்தவனும் தமிழ்ச் சான்றோரால் போற்றப்பட்டமைக்கு, அவர்தம் கொடை தகுதியை ஆராயாமையே காரணம். அக்கொடையைப் பகைவனுக்கும் நீட்டினால் எங்ஙனம் இருக்குமோ, அங்ஙனம் இருப்பதே கிறித்துவம் கூறும் நிபந்தனையற்ற அன்பு.

திருக்குறளின் ‘இன்னா செய்யாமை’ அதிகாரத்தை அறிந்தோர், இதில் புதுமை யாது என்று வினவக்கூடும். தீங்கு செய்தவர் நாணும்படி அவர்க்கு நன்மை செய்துவிடுதலே அவரைத் தண்டிக்கும் முறை என்பது வள்ளுவர் காட்டிய நெறி. இரு நெறிகளும் ஒன்றற்கொன்று மிக அணித்தானவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஒரு சிறு வேறுபாடு உண்டு. வள்ளுவர் நெறியில், பகைவன் நாணுவான் என்னும் எதிர்பார்ப்பு இருக்கின்றது. நன்மை அவனைத் திருத்தும் கருவியாகின்றது. மலைப்பொழிவிலோ, அவன் நாணினும் நாணாவிடினும் அன்பு நிற்றல் வேண்டும். பயன் விளையினும் விளையாவிடினும் மழை பெய்தல் போன்றது அது. இவற்றுள் எது உயர்ந்தது என்று வழக்காடுதல் வேண்டா. ஒன்று பகைவனது மனச்சான்றை நம்புகின்றது. மற்றொன்று அம்மனச்சான்று உறங்கிக் கிடக்கும்போதும் கைவிடாதிருக்கச் சொல்கின்றது.

கொள்கை எவ்வளவு உயரியதாயினும், அது மனித வாழ்வில் நின்று காட்டுமா என்பதே வினா. பிறர் பட்ட துன்பத்தைப் பற்றிப் பேசுவோர் மன்னிப்பை எளிதாகப் பரிந்துரைப்பர். துன்பத்தைத் தாமே பட்டவர் வாயிலிருந்து வரும் சொல்லுக்கே மதிப்பு உண்டு. அத்தகைய சான்று தேடித் தொலைநாடு செல்ல வேண்டுவதில்லை. சிங்கப்பூர் மண்ணிலேயே அது கிடைக்கின்றது.

ஜான் லெனார்ட் வில்சன் 1897ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிறந்தவர். 1941ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் ஆங்கிலிக்கன் பேராயராகப் பொறுப்பேற்றார். ஓராண்டு நிறைவதற்குள், 1942 பிப்ரவரி 15ஆம் நாள், சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஐரோப்பியப் பொதுமக்கள் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டனர். வில்சனோ ஏறத்தாழ ஓராண்டுக் காலம் வெளியே இருந்து தம் திருப்பணியைச் செய்ய இயன்றது. அதற்குக் காரணமானவர் ஒரு ஜப்பானிய அதிகாரி. ஆண்ட்ரூ ஓகாவா என்னும் பெயருடைய அவர் ஒரு கிறித்துவர். ஆலயங்கள் திறந்திருக்கவும் வழிபாடு நடைபெறவும் அவர் தம் பதவியின் வலிமையைப் பயன்படுத்தினார். பகைவர் கூட்டம் என்று ஒரு சொல்லால் சுட்டப்படும் கூட்டத்துள்ளும் எத்துணை வேறுபட்ட மனிதர் உளர் என்பதற்கு இந்நிகழ்ச்சியே ஒரு சான்று. 1943ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வில்சனும் சாங்கிக்கு அனுப்பப்பட்டார். திருச்சபைப் பொறுப்பை டாக்டர் டி. டி. செல்லையா உள்ளிட்ட ஆசியக் குருமார் தாங்கினர்.

அவ்வாண்டு செப்டம்பர் 26ஆம் நாள் இரவு, நேசநாட்டுப் படையைச் சேர்ந்த 6 வீரர் 3 மடிப்புத் தோணிகளில் சிங்கப்பூர்த் துறைமுகத்துள் புகுந்து, அங்கு நின்ற கப்பல்களில் வெடிகளைப் பொருத்திச் சென்றனர். கப்பல்கள் வெடித்துச் சிதைந்தன. வெளியிலிருந்து வந்தவர் செய்த செயல் அது என்பதை ஜப்பானியர் அறியவில்லை. சாங்கிச் சிறையில் இருந்தோரே வானொலிக் கருவி வைத்துச் சதி செய்தனர் என்று ‘கெம்பெத்தாய்’ என்னும் இராணுவக் காவற்படை ஐயுற்றது. 1943 அக்டோபர் 10ஆம் நாள் சிறை சோதனையிடப்பட்டது. பத்தாம் திங்கள் பத்தாம் நாள் நிகழ்ந்தமையால், ‘இரட்டைப் பத்து நிகழ்ச்சி’ என்று வரலாறு அதனைக் குறிக்கின்றது. சிறைப்பட்டோருள் 57 பேர் பிடித்துச் செல்லப்பட்டனர். அவர்களுள் 15 பேர் மாண்டனர். அவர்களில் எவர்க்கும் அக்கப்பல் வெடிப்போடு எத்தொடர்பும் இல்லை.

அக்டோபர் 17ஆம் நாள் பேராயர் வில்சன் அழைத்துச் செல்லப்பட்டார். ஆர்ச்சர்டு சாலையின் தொடக்கத்தில் இருந்த பழைய ஒய்.எம்.சி.ஏ. கட்டடமே அந்நாளில் கெம்பெத்தாயின் வதைக்கூடமாக விளங்கியது. கிறித்துவ இளைஞர்க்கென எழுந்த இல்லம் அவ்வாறு மாறியது காலத்தின் கொடுமை. சிறு அறைகளில் ஆணும் பெண்ணும் ஒருங்கே நெருக்கி அடைக்கப்பட்டனர். காலை முதல் இரவு வரை முழங்காலை மடித்துப் பேசாமல் அமர்ந்திருத்தல் வேண்டும். இரவெல்லாம் விளக்கு எரியும். கழிப்பிடத்துத் தொட்டியில் விழும் நீரே குடிநீர். விசாரணைக்கு அழைக்கப்பட்டவரின் அலறல் அறைகளில் கேட்டுக்கொண்டே இருக்கும். வில்சன் பலநாள் கட்டிவைத்து அடிக்கப்பட்டார். சிறையில் இருந்தோரின் உணவுக்கென வெளியிலிருந்து வந்த பணமே அவர்மீது ஐயங்கொள்ளக் காரணமாயிற்று.

1946ஆம் ஆண்டு பி.பி.சி. வானொலியில் ஆற்றிய அருளுரையில் வில்சன் இவ்வனுபவத்தைக் குறிப்பிட்டார். அவ்வுரையின் சிறப்பு அதிலுள்ள வீரத்தில் இல்லை. அதன் நேர்மையில் இருக்கின்றது. கடவுளை இன்னும் நம்புகின்றாயா என்று வதைத்தோர் கேட்டனர். நம்புகின்றேன் என்றார். அவ்வாறாயின் அவர் ஏன் உன்னைக் காப்பாற்றவில்லை என்று எள்ளினர். கடவுள் காக்கின்றார், துன்பத்தை நீக்கிக் காக்கவில்லை, தாங்கும் வலிமையைத் தந்து காக்கின்றார் என்பது அவர் விடை. சிலுவையில் இயேசு வேண்டியதுபோல் தாமும் இவர்களை மன்னிக்குமாறு வேண்ட எண்ணினார். ஆனால், அவ்வாறு முணுமுணுத்தபோதே, இஃது உள்ளத்திலிருந்து வருகின்றதா, அன்றி வெறும் நடிப்பா என்னும் ஐயம் அவருக்கு எழுந்தது. ஏனெனில், சுற்றி நின்று முறைவைத்து அடித்தோரின் முகங்கள் கடுமை நிறைந்திருந்தன. அவர்களுட் சிலர் அக்கொடுமையில் இன்பமும் கண்டனர்.

அந்நிலையில்தான் அவர் உள்ளத்தில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அம்முகங்களை அன்று இருந்தவாறே அவர் பார்க்கவில்லை. முன்னொரு காலத்தில் இவர்களும் சிறு குழந்தைகளாக இருந்தனர், உடன்பிறந்தாரோடு ஆடினர், பெற்றோர் அன்பில் திளைத்தனர் என்று எண்ணினார். சிறு குழந்தைகளை வெறுத்தல் அரிது என்பதை அப்போது கண்டார். ஆயினும், அதுவும் போதவில்லை. எனவே, இறையருளால் திருந்தினால் இவர்கள் எத்தகைய மனிதர் ஆகக்கூடும் என்பதையும் நினைத்தார். முன்பு இருந்த நிலையும் இனி ஆகக்கூடிய நிலையும் கண்முன் நின்றபோது, இடைப்பட்ட நிலையை வெறுக்காமல் இருக்க அவரால் இயன்றது.

இவ்வனுபவத்தை ஊன்றி நோக்குவோர்க்கு, பகைவரை நேசித்தல் என்பது எவ்வாறு நிகழ்கின்றது என்பது புலனாகும். பகைமை ஒருவனை அவன் செய்த தீமையோடு மட்டும் பிணைத்து நிறுத்துகின்றது. அடித்தவன் என்றால் அடித்தவனே. அவனுக்கு நேற்றும் இல்லை, நாளையும் இல்லை. ‘பகை’ என்னும் சொல், பிளவுபடுதலைக் குறிக்கும் ‘பகு’ என்னும் வேரோடு இனமானது என்பர். மனிதனை மனிதனிடமிருந்து பிளக்குமுன், பகை அவனுடைய வாழ்வையே துண்டாக்கி ஒரு துண்டை மட்டும் காட்டுகின்றது. அன்போ அவனை முழுமையாகப் பார்க்க முயல்கின்றது. தீமையைத் தீமை அன்று என்று அது பொய் கூறுவதில்லை. அவன் அத்தீமை மட்டும் அல்லன் என்று கூறுகின்றது.

வில்சன் 1944ஆம் ஆண்டு மே திங்களில் தடுப்பு முகாமுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். போர் முடிந்தபின் சிங்கப்பூரிலேயே பேராயராகப் பணி தொடர்ந்தார். பின்னர், சிறையில் இருந்த ஜப்பானியர் சிலர் கிறித்துவ நெறியை ஏற்க விரும்பினர். புனித ஆண்ட்ரூ பேராலயத்தில் அவர்களுக்குத் திடப்படுத்தல் என்னும் திருச்சடங்கை நிகழ்த்தியவர் வில்சனே. தம்முன் மண்டியிட்டோருள் ஒருவனை அவர் அடையாளம் கண்டார். அன்று ஒருநாள் கையில் கயிற்றோடு தம்மை அச்சுறுத்தி நின்றவன் அவன். ஒரு மனிதனிடத்து இத்துணை மாற்றத்தைத் தாம் கண்டது அரிது என்று பேராயர் பின்னர்க் கூறினார். அடித்த தலைமீது அடிபட்டவர் கை வைத்து வாழ்த்திய காட்சி அது. நிபந்தனையின்றி முன்சென்ற அன்பு, பயனையும் ஒருநாள் கண்டது. ஆனால், அவன் வாராதிருந்தாலும் அவ்வன்பு பொய்த்திராது என்பதை மறத்தல் ஆகாது.

இவ்விடத்தில் நீதியைப் பற்றிய வினா எழும். எல்லாரையும் மன்னித்துவிட்டால் குற்றத்துக்குத் தண்டனை யாது? அன்பு நீதிமன்றத்தை மூடிவிடுமா? மூடவில்லை. இரட்டைப் பத்து வழக்கு 1946 மார்ச்சு 18ஆம் நாள் சிங்கப்பூர் உச்ச நீதிமன்றக் கட்டடத்தில் தொடங்கியது. குற்றஞ்சாட்டப்பட்டோர் 21 பேர். ஏப்ரல் 15ஆம் நாள் தீர்ப்பு வழங்கப்பட்டது. 8 பேருக்கு மரண தண்டனை. 3 பேருக்கு வாழ்நாட் சிறை. மூவருக்குக் குறைந்த சிறைத்தண்டனை. 7 பேர் விடுதலை. மாண்ட 15 பேர்க்காகவும் உண்மை அவையில் உரைக்கப்பட்டது. அது வேண்டப்பட்டதே. வெறுப்பின்றி நீதி வழங்க இயலும். நீதியை மறுக்காமல் நேசிக்கவும் இயலும். பழிவாங்குதல் பகைவனது அழிவில் நிறைவு காண்கின்றது. நீதியோ உண்மை வெளிப்படுதலிலும் மேலும் தீமை நிகழாது தடுத்தலிலும் நிறைவு காண்கின்றது. இவ்விரண்டும் ஒரே வாயிலின் வழி வருவதனால் ஒன்றென மயங்குவோர் பலர்.

அதே வதைக்கூடத்தில் துன்புற்ற மற்றொருவர் எலிசபெத் சோய். வடபோர்னியோவின் கூடாட்டில் 1910ஆம் ஆண்டு பிறந்த அவர், சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பள்ளியில் ஆசிரியர். ஆக்கிரமிப்புக் காலத்தில் கணவரோடு சேர்ந்து மருத்துவமனை ஒன்றில் சிற்றுண்டிச்சாலை நடத்தினார். சிறைப்பட்டோர்க்கு உணவும் மருந்தும் பணமும் அவ்வழியே சென்றன. 1943 நவம்பர் முதல் 1944 மே வரை, 193 நாள் அவர் ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தில் அடைக்கப்பட்டிருந்தார். கணவர் கண்முன்னே அவர் உடலில் மின்சாரம் பாய்ச்சப்பட்டது. இல்லாத குற்றத்தை ஒப்புக்கொள்ள அவர் உடன்படவில்லை. போர் முடிந்தபின், தம்மை வதைத்தவர்க்கு மரண தண்டனை வேண்டும் என்று கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. அவர் கேட்கவில்லை. போர் என்னும் கொடுமையே அம்மனிதரை அவ்வாறு ஆக்கியது என்பது அவர் கருத்து. பின்னர் 1951ஆம் ஆண்டில் சட்டமன்றத்தில் உறுப்பினரானார். 1956ஆம் ஆண்டில் பார்வையற்றோர் பள்ளியின் முதல் தலைமையாசிரியரானார். 2006ஆம் ஆண்டில் மறையும்வரை, பள்ளி மாணவர் பலர்க்குத் தம் கதையை எடுத்துரைத்தார். எடுத்துரைத்தது வெறுப்பை வளர்ப்பதற்கு அன்று. போரை வெறுக்கக் கற்பிப்பதற்கு.

பேராயரின் அன்பும் ஆசிரியையின் அன்பும் போற்றத்தக்கனவே. ஆயினும், இவற்றைக் காட்டி எல்லாரையும் மன்னிக்கச் சொல்லுதல் தகுமா? இவ்வினா மலேசிய சிங்கப்பூர்த் தமிழர்க்கு வெறும் தத்துவ வினா அன்று. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர் சயாம் பர்மா இரயில்பாதை அமைக்க அனுப்பப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் நிறைவுற்றது. வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பட்டினியாலும் மாண்ட தமிழ்த் தொழிலாளர்க்குப் பெயர்ப்பட்டியல்கூட இல்லை. திரும்பாத கணவனுக்காகவும் மகனுக்காகவும் தோட்டத்து இலயங்களில் பலகாலம் காத்திருந்தவர் பலர். அவர்களிடம் சென்று பகைவரை நேசியுங்கள் என்று கூற யாருக்கு உரிமை உண்டு?

உண்மையில் எவர்க்கும் இல்லை. பட்டவர் தாமே மன்னிக்கலாம். பட்டவர் சார்பில் பிறர் மன்னித்தல் இயலாது. மாண்டவர்க்காக மன்னிக்கும் உரிமை உயிரோடிருப்போர்க்குக் கிடையாது. இயேசுவின் கட்டளையும் கேட்போர் ஒவ்வொருவரையும் நோக்கித் தன் பகைவனை நேசிக்குமாறே பணிக்கின்றது. அயலானுடைய பகைவனை அயலான் நேசிக்குமாறு வற்புறுத்தும் அதிகாரத்தை அது யாருக்கும் வழங்கவில்லை. இதனை உணராது, கணவனின் அடியைத் தாங்கி வாழும் பெண்ணிடமும், முதலாளியால் வஞ்சிக்கப்பட்ட தொழிலாளியிடமும் அன்பின் பெயரால் பொறுமையைப் போதிப்போர் உளர். அது வலியோர்க்கு வாய்ப்பான போதனை. தீங்கு நிகழும் இடத்திலிருந்து விலகிச் செல்லுதலும், தீங்கு செய்வோனைத் தடுத்தலும் அன்புக்கு முரண் அல்ல. கொடுமை செய்வோன் மேலும் கொடியவன் ஆகாமல் தடுத்தல் அவனுக்குச் செய்யும் நன்மையும் ஆகும்.

இங்கு அன்பு, மன்னிப்பு, நல்லிணக்கம் ஆகிய மூன்றையும் வேறுபடுத்திக் காணுதல் நலம். பகைவனது கேட்டை விரும்பாமல் அவன் நலத்தை விரும்புதல் அன்பு. அதற்கு நிபந்தனை இல்லை. பட்ட கடனைத் தள்ளிவிடுதல் மன்னிப்பு. அதற்குக் காலம் வேண்டும், சில உள்ளங்களுக்கு நெடுங்காலம் வேண்டும். மீண்டும் கைகோத்து நடத்தல் நல்லிணக்கம். அதற்கு இருவரும் வேண்டும், குற்றம் செய்தவன் உண்மையை ஒப்புக்கொள்ளுதலும் வேண்டும். இம்மூன்றையும் ஒன்றாக்கி, நிபந்தனையற்றது அன்பு ஆதலால் மற்றவையும் உடனே நிகழ்ந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதனாலேயே, இவ்வறம் மனித இயல்புக்கு ஒவ்வாதது என்னும் பழிக்கு ஆளாகின்றது.

அதே மரண இரயில்பாதையில் வேறொரு நிகழ்ச்சியும் உண்டு. மலாயாப் போரில் ஈடுபட்டுச் சிறைப்பட்ட ஸ்காட்லாந்துப் படை அதிகாரி எர்னஸ்ட் கோர்டன், சுங்காய் முகாமில் நோயுற்றுச் சாவின் விளிம்பில் கிடந்தார். உடன் சிறைப்பட்ட இருவர் அவருடைய புண்களைக் கழுவி நாள்தோறும் பேணினர். சமய நம்பிக்கை இல்லாதிருந்த கோர்டன் அவர்களால் கிறித்துவத்தின்பால் ஈர்க்கப்பட்டார். பின்னாளில் குருவானார். தம் அனுபவங்களை 1962ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். ஒருமுறை கைதிகள் சென்ற இரயில் ஓரிடத்தில் நின்றபோது, பர்மாப் போர்முனையிலிருந்து திரும்பிய ஜப்பானியக் காயவீரர் நிறைந்த இரயில் ஒன்று அருகில் நின்றது. அவர்களைப் பேணுவார் இல்லை. புண்களில் சீழ் வடிந்தது. கைதிகளுள் சிலர் தம் பங்கு உணவையும் நீரையும் துணியையும் எடுத்துச் சென்று அக்காயங்களைத் துடைத்தனர். இவர்கள் பகைவர் அல்லரோ என்று உடனிருந்த அதிகாரி ஒருவர் சினந்தார். ஆனால், அக்கைதிகள் சீழ்வடியும் புண் எத்தகையது என்பதைத் தம் உடலால் அறிந்தவர்கள். எதிரே கிடந்த உடலிலும் அதனையே கண்டனர். வில்சன் குழந்தையைக் கண்டார். இவர்கள் நோயாளியைக் கண்டனர். இருவரும் கண்டது பகைவன் என்னும் பெயருக்குப் பின்னால் நின்ற மனிதனையே.

இத்தகைய வரலாறுகளை வகுப்பறையில் எடுத்துரைக்கும் ஆசிரியர்க்கு இரு கடமைகள் உண்டு. நிகழ்ந்ததை மறைத்தல் ஆகாது. மறைத்தால் மாண்டவர் மீண்டும் ஒருமுறை மாள்வர். நிகழ்ந்ததை வெறுப்பாக மாற்றிக் கொடுத்தலும் ஆகாது. கொடுத்தால் அதில் எப்பங்கும் இல்லாத இளைஞர், அதில் எப்பங்கும் இல்லாத வேற்றுநாட்டு இளைஞரைப் பகைப்பர். பழைய ஒய்.எம்.சி.ஏ. கட்டடம் 1981ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் புதிய கட்டடம் 1984ஆம் ஆண்டில் எழுந்தது. முன்பு நிகழ்ந்ததைக் கூறும் நினைவுப் பலகை ஒன்று அங்கே நிற்கின்றது. கட்டடம் மாறலாம்; நினைவு நிற்கலாம்; வெறுப்பு மட்டும் போகலாம். மனித உள்ளத்திலும் இம்மூன்றும் ஒருங்கே நிகழக் கூடியனவே.

பகைவரை நேசி என்னும் கட்டளையை முற்றும் நிறைவேற்றியவர் உலகில் மிகச் சிலர். நிறைவேற்ற இயலாதவர் பலர் இருப்பதனால் அது பொய்யாகிவிடாது. அடிபடும் வேளையிலேயே தம் வேண்டுதல் உண்மையா நடிப்பா என்று ஐயுற்ற ஒருவரே இறுதியில் அதனை நிறைவேற்றினார் என்பது எல்லார்க்கும் ஆறுதல் தரும் செய்தி. தூய உள்ளம் வாய்த்தபின்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. வெறுப்பு மூண்டெழும் நேரத்தில், எதிரே நிற்பவனும் ஒரு தாய் மடியில் கிடந்தவன் என்று ஒருகணம் எண்ணினாலே போதும். அவ்வொருகணம் கையை உயர்த்தாமல் தடுக்கும். தடுத்த கை பின்னொரு நாள் நன்மை செய்யவும் நீளும்.